புள்ளி நின்ற இடம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கடவுள் எதற்குக் கண்ணைப் படைத்தான் என்று பெரியதம்பிக்கு விளங்கவே இல்லை. புருஷன் வந்துவிட்டானா என்று வாசலை எட்டிப் பார்க்கிற பெண்பிள்ளை ஒருத்தியும் கிடையாது; போனைப் பார்க்கிறாள். மழை பெய்கிறதா என்று வெளியே கையை நீட்டிப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறான். பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்க வாய் வரவில்லை, போனைக் கேட்கிறான். போன வாரம் ஒருத்தன் அது சொன்னபடியே காரை ஓட்டிக்கொண்டு போய், மரக்காணம் ரோட்டில் யாருடைய மாட்டுக் கொட்டகைக்குள்ளேயோ நின்றானாம். மாடு அவனைப் பார்த்ததாம். அவன் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

“மாமா, அந்தக் கதைய நேத்தே சொல்லிட்டீங்க” என்றாள் கவிதா, திரையை விட்டுத் தலையைத் திருப்பாமல்.

“கேட்டவங்க திருந்தலயே. அதான் இன்னொரு வாட்டி சொல்றேன்.”

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அதுதான் பெரிய மகன் குமரேசனின் லாரி ஆபீஸ். லாரி ஆபீஸ் என்று போர்டில்தான் இருக்கிறது. ஓடுவதெல்லாம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகள் மூன்று. அந்த மூன்றும் இப்போது மருமகள் கவிதாவின் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. வானத்திலிருந்து எடுத்த படம் என்றாள். வயல் பச்சையாக, ஏரி கறுப்பாக, ரோடு வெள்ளைக் கோடாக. கோட்டின் மேல் எறும்பு மாதிரி ஒரு புள்ளி ஊர்ந்து போனது.

அந்தப் புள்ளிதான் சின்ன மகன் ரஞ்சித்.

அவன் கதை தெருவுக்கே தெரியும். குடித்துவிட்டுப் பழைய வண்டியைப் பள்ளத்தில் இறக்கினான். அண்ணன் கையை ஓங்க, அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்ப் பாண்டிச்சேரியில் எங்கேயோ கிடந்தான். போன மாதம் இளைத்துத் திரும்பி வந்தான். மயிலம் மலைக்கோயிலில் குடியை விட்டேன் என்று சத்தியம் செய்து வலது மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டான். அந்தக் கயிறு கையில் இருக்கிற வரைக்கும் தொட மாட்டான் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. “அவனுக்கு வண்டி குடுக்கலன்னா எனக்குச் சோறு வேணாம்” என்று பெரியதம்பி தட்டைத் தள்ளி வைத்தபோதுதான் குமரேசன் இறங்கி வந்தான். அதுவும் ஒரு நிபந்தனையோடு. புது வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வண்டி எங்கே போனாலும், எங்கே நின்றாலும் அது சொல்லிவிடும்.

“தம்பிய வேவு பாக்கறதுக்கு வானத்துல ஆள் வெச்சிருக்கான்” என்று பெரியதம்பி தெருவெல்லாம் சொன்னார்.

இன்றைக்குத்தான் ரஞ்சித்துக்கு முதல் பெரிய லோடு. விழுப்புரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு குஞ்சு பொரிக்கிற கம்பெனியிலிருந்து, பொரித்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகள். திண்டிவனத்தைத் தாண்டி அருள்ராணி என்கிற அம்மாளின் பண்ணையில் இறக்க வேண்டும். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அந்தக் கம்பெனி லோடு முழுக்கக் குமரேசனுக்கு. சேராவிட்டால், ரஞ்சித்துக்கு இனி இந்த வீட்டு வண்டியில் இடமில்லை. குமரேசன் காலையில் சாவியைக் கொடுக்கும்போதே அதைச் சொல்லித்தான் கொடுத்தான்.

“எங்கயும் நிறுத்தாத. ஓடிக்கினு இருந்தா குஞ்சுக்குக் காத்து. நின்னா வண்டிக் கூண்டு அடுப்பு மாதிரி. ஓட்டறப்ப போன் எடுக்காத. எடுத்தன்னு தெரிஞ்சா அதோட சரி.”

“சரிண்ணா” என்றான் ரஞ்சித். 

குமரேசனுக்குத் தெரியாத ஒன்று பெரியதம்பிக்குத் தெரியும். வண்டி கிளம்பும் முன்னே சின்னவனைச் சந்துக்குள் கூப்பிட்டு, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்திருந்தார். உள்ளே ஒரு தேங்காய். அதோடு உள்ளங்கை அகலத்துக்கு மந்திரித்த செப்புத் தகடு. கோடும் கட்டமும் போட்டது.

“மயிலம் ரோடு பிரியற எடத்துல ஒரு நிமிசம் நிறுத்து. மலையப் பாத்துத் தேங்கா ஒட. இந்தத் தகட்ட அந்தப் பொட்டி மேல வெச்சி ஒட்டிடு. மேல இருந்து எந்தக் கண்ணு பாத்தாலும் இதுல பட்டுத் திரும்பிப் போவணும்.”

“அண்ணன் நிறுத்தக் கூடாதுன்னிச்சேப்பா.”

“சாமிக்கு நிறுத்தறது நிறுத்தறதாடா? போ, ஜல்தி.”

இதைக் கவிதாவிடம் சொல்லலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி நின்றது.

மயிலம் ரோடு பிரிகிற இடம்தான். பெரியதம்பி மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பிள்ளை சொன்னபடி செய்கிறான். தேங்காய் உடைக்கிறான். இதோ கிளம்பிவிடுவான்.

கவிதா டீக்கடைப் பையன் வைத்துவிட்டுப் போன டீயைக் குடித்து முடித்தாள். புள்ளி அங்கேயே இருந்தது.

“மாமா, கொழுந்தனார் வண்டி நகரலியே.”

“டிராபிக்கா இருக்கும்.”

“அங்க ஏதுங்க டிராபிக்கு?” அவள் எதையோ அழுத்தினாள். “எஞ்சின் ஓடுதுன்னு காட்டுதுங்க. வண்டி மட்டும் நிக்குது.”

அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். ரஞ்சித் போனை எடுக்கவில்லை. எடுத்தால் வண்டி கிடையாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறானே என்று பெரியதம்பிக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.  தேங்காய் உடைக்க இவ்வளவு நேரமா?

அந்த இடத்துக்குப் பின்னாலேயே ஒயின் ஷாப் ஒன்று உண்டு.

குமரேசன் படியேறி வந்தபோது அவன் போன் அடித்துக்கொண்டே வந்தது. கம்பெனி மேனேஜர் சீனுவாசன். அவர் போனிலும் இந்தப் படம் உண்டு. அவரும் பார்த்துவிட்டார்.

“இன்னா குமரேசன், வெயில்ல வண்டிய நிறுத்திட்டு உங்க ஆளு இன்னா பண்றாரு? பண்ணை அம்மாவும் போன் எடுக்கல. என் குஞ்சு வேகுதுய்யா.”

குமரேசன் திரையைப் பார்த்தான். புள்ளியைப் பெரிசாக்கினான். ரோட்டோரம் தகரக் கூரைகள் தெரிந்தன. எது எந்தக் கடை என்று அவனுக்குத் தெரியும். அவன் முகம் சுண்டியது.

“எஞ்சினக்கூட நிறுத்தாம எறங்கி ஓடியிருக்கான். அப்படி இன்னா அவசரம்?” என்றான் தனக்குத்தானே. பிறகு போனில், “சார், என் தம்பிதான் சார். பழைய புத்தி போவல. கடைல ஒக்காந்துட்டான் போல. நான் நேர்ல போறேன். இனிமே அவன் ஒங்க லோடத் தொடமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு.”

பெரியதம்பி வாயைத் திறந்தார். நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. ஆனால் ஒரு நிமிஷத்துக்குத்தானே சொன்னார்? மீதி நேரத்துக்கு யார் பொறுப்பு? சொன்னால், நீதான் கெடுத்தாய் என்று பெரியவன் தன் மேல் பாய்வான். வாயை மூடிக்கொண்டார்.

“நானும் வர்றேன்” என்றார்.

“நீ எதுக்குப்பா? அவனுக்கு வக்காலத்து வாங்கவா?”

“வண்டிய எடுடா.”

வெயில் தலையில் அடித்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனார் பெரியதம்பி. பெட்டியை நம்பக் கூடாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இன்றைக்கு அது ஒரு புள்ளியைக் காட்டியதும், பெற்ற பிள்ளையை ஒயின் ஷாப்பில் உட்கார்த்தி வைத்துவிட்டார். அது அவருக்கே உறைத்தது. உறைத்தும், கண் முன்னால் ரஞ்சித் பிளாஸ்டிக் கிளாஸோடு தெரிந்தான். கையில் கயிறு இல்லாமல் தெரிந்தான்.

விக்கிரவாண்டி தாண்டுகையில் கவிதா கூப்பிட்டாள். குமரேசன் ஓரம் கட்டினான்.

“ஏங்க, இப்ப எஞ்சின் ஆஃப் ஆயிடுச்சுங்க. எடம் அதே எடந்தான்.”

“இப்பத்தான் தெளிஞ்சிருக்கு போல” என்றான் குமரேசன். “தெளிஞ்சி வந்து சாவிய எடுத்துக்கினான்.” ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

மயிலம் ரோடு பிரிகிற இடம் வந்தது. வேப்ப மரம் ஒன்று. அதன் கீழே நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

குமரேசன் இறங்கிப் போனைப் பார்த்தான். நாலு எட்டு முன்னே நடந்தான். இரண்டு எட்டு பின்னே வந்தான். நாயைத் தாண்டி நின்றான்.

“இங்கதாம்ப்பா. இதே எடந்தான்.”

“எது?”

“வண்டி. நாம நிக்கறதும் வண்டி நிக்கறதும் ஒரே எடம்னு காட்டுது. வண்டி மேலயே நிக்கறோம்.”

பெரியதம்பி தன் காலடியைப் பார்த்தார். தார் உருகி மின்னியது.

“நல்லா பாருடா. நாய்க்கு அடியில மறைஞ்சிருக்கப் போவுது.”

“கிண்டல் பண்ற நேரமாப்பா இது?”  அவன் ஒயின் ஷாப் பக்கம் ஓடினான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இன்னும் திறக்கவே இல்லை. திரும்பி வந்தவன் ரோட்டோரப் புதரைக் காலால் விலக்கித் தேட ஆரம்பித்தான். “பொட்டியப் புடுங்கி இங்க வீசிட்டான். வீசிட்டு வண்டிய எங்கயோ ஓட்டிக்கினு போயிட்டான். குஞ்சோட. அய்யோ, நான் அந்த மேனேஜர் மூஞ்சில எப்படி முழிப்பேன்.”

பெரியதம்பி வேப்ப மரத்தைச் சுற்றி வந்தார். மரத்தின் மறுபக்கம், மலை இருக்கிற திசையைப் பார்த்து, உடைந்த தேங்காய் மூடி இரண்டு. பக்கத்தில் கரிந்துபோன சூடம். எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

அவர் அதை எடுத்து வந்து மகன் முன்னால் நீட்டினார்.

“நான்தான் நிறுத்தச் சொன்னேன். தேங்கா ஒடைக்கச் சொல்லி.”

குமரேசன் புதரிலிருந்து நிமிர்ந்தான். வேர்வை கண்ணில் இறங்கியது. “எப்பச் சொன்ன?”

“காலைல.”

“இத ஏம்ப்பா ஆபீஸ்ல சொல்லல?”

பெரியதம்பி தேங்காய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

அப்போதுதான் குமரேசனின் போனில் தெரியாத நம்பர் ஒன்று வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“கோழிக்குஞ்சு வண்டிக்காரங்களா? நான் அருள்ராணி பேசறேன், திண்டிவனத்துல இருந்து. குஞ்செல்லாம் நல்லபடியா வந்து எறங்கிடுச்சிப்பா. ஷெட்டுக்குள்ள நாங்க போன் கொண்டு போறதில்ல, அதான் யாருக்கும் எடுக்க முடியல. ஆனா நீங்க கொஞ்சம் இங்க வாங்க. வந்தா நல்லது.”

“எப்பம்மா வந்தான்?”

“வந்து எறக்கியே முடிச்சாச்சி. நீங்க வாங்க.”

அவள் குரலில் வேறேதோ இருந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். குமரேசன் பைக்கைக் கிளப்பினான்.

பண்ணை திண்டிவனத்துக்கு அப்பால், சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. கேட்டுக்குள் நிழலில் புது வண்டி நின்றது. பின் கதவு திறந்து, உள்ளே கழுவி விட்டிருந்தது. மேலே நனைத்துப் போட்ட சாக்குகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

அருள்ராணி ரப்பர் பூட்ஸோடு எதிரே வந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தலையில் துண்டு.

“வாங்கய்யா. குஞ்சுல ஒண்ணு ரெண்டுதான் சுருண்டிருக்கு. அது எல்லா லோடுலயும் வர்றது. சாக்க நல்லா நனைச்சி மேல போட்டுக் கொண்டாந்திருக்கு அந்தத் தம்பி. இதுக்கு முன்னாடி வந்த எந்த டிரைவரும் அப்படிச் செஞ்சதில்ல.”

“எங்க அவன்?” என்றார் பெரியதம்பி.

அவள் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். எறக்கறப்ப வெளிய வந்து போனப் பாத்தா, மேனேஜர் அத்தனை வாட்டி கூப்பிட்டிருக்காரு. திருப்பிக் கூப்பிட்டேன். டிரைவர் குடிச்சிருக்கான், அவங்க அண்ணனே சொல்லிட்டான், வாய ஊதச் சொல்லிப் பாருன்னாரு. நானும்… ஆளுங்க எல்லாம் நின்னுக்கினு இருந்தாங்க. ஊதுப்பான்னு சொல்லிட்டேன்.”

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஊதுனான்யா. டீ வாசன தவிர ஒண்ணும் இல்ல. யாரோ பின்னாடி சிரிச்சிட்டாங்க. ‘யாரு சொன்னதுக்கா?’ன்னு கேட்டான். உங்கண்ணன்தானாம்னேன்.  மிச்சக் கூடை அத்தனையும் எறக்கி வெச்சான். வண்டியக் கழுவினான். கையக் கழுவிக்கினு கேட்டத் தாண்டிப் போனான். டீ குடிக்கப் போறான்னு நெனச்சேன்.”

குமரேசன் போனை எடுத்துத் தம்பி நம்பரை அழுத்தினான். வண்டிக்குள்ளேயிருந்து மணி அடித்தது.

கதவைத் திறந்தான். போன் டேஷ்போர்டு அறைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டும்போது எடுக்காதே என்று சொன்னபடியே உள்ளே வைத்துப் பூட்டாத குறையாக மூடியிருந்தான். சாவி அதன் துவாரத்திலேயே தொங்கியது. கண்ணாடிக்குக் கீழே, கறுப்புப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் செப்புத் தகடு பளபளத்தது. குங்குமம் வைத்து நாலு மூலையிலும் டேப் ஒட்டியிருந்தான். பெட்டி அதற்கு அடியில் மூச்சுத் திணறிக் கிடந்தது.

“இது இன்னாப்பா?”

“தகடு.”

“நீ குடுத்ததா?”

பெரியதம்பி தலையாட்டினார்.

குமரேசன் தகட்டைப் பெயர்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கவிதாவின் போன் வந்தது. “ஏங்க, வண்டி ஒரே தாவா தாவி திண்டிவனம் போயிடுச்சுங்க. மயிலத்துல இருந்தது இப்ப பண்ணைல நிக்குது. வழியில எங்கயுமே காட்டல. இன்னாங்க இது?”

குமரேசன் ஸ்டியரிங்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். தகட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“வானத்துல இருந்து வர்ற சிக்னல இந்தச் செம்பு மறைச்சிடுச்சிப்பா. மறைக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்தானோ அதையே காட்டிக்கினு நின்னுடுச்சி. எஞ்சின் ஓடற சேதி மட்டும் செல் டவர் வழியா வந்துக்கினு இருந்துச்சி. அவன் அப்பவே கிளம்பி ஒழுங்கா ஓட்டிக்கினுதான் போயிருக்கான். ஒன் தகடு பண்ண வேலை.”

“கண்ணு படக் கூடாதுன்னு வெச்சேன். படல.”

“அதனாலதாம்ப்பா அவன் குடிகாரன் ஆனான் இன்னிக்கு.”

“தகடா மேனேஜர்கிட்ட பேசிச்சி?” என்றார் பெரியதம்பி.

குமரேசன் தகட்டை டேஷ்போர்டின் மேல் வைத்தான். அந்த வார்த்தை தன்னையும் குத்துகிறது என்று கிழவருக்குத் தெரியும். மாடி அறையில் பக்கத்திலேயே நின்று, வாயைத் திறந்து மூடியவர் அவர்தானே.  சாவியை எடுக்கக் கையை நீட்டினார்.

சாவியில் ஏதோ சுற்றியிருந்தது.

சிவப்பும் மஞ்சளுமாய் முறுக்கிய கயிறு. அவிழ்த்ததல்ல. மயிலத்தில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. நடுவில் பல்லால் கடித்து அறுத்திருந்தான். நூல் முனை இன்னும் ஈரமாக இருந்தது.

அருள்ராணி அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். குமரேசன் பார்த்தான். “அப்பா” என்றான். 

பெரியதம்பி கயிற்றைச் சாவியிலிருந்து பிரித்தெடுத்தார்.  “எந்தப் பக்கம் போனான்மா?”

“கேட்டு வரைக்குந்தான்யா பாத்தேன். அப்புறம் சவுக்கு மறைச்சிடுச்சி.”

சவுக்குத் தோப்புக்கு அந்தண்டை மெயின் ரோடு. ஒரு பக்கம் பாண்டிச்சேரி. இன்னொரு பக்கம் மெட்ராஸ். அந்த ரோட்டில் நின்று கை காட்டினால் எந்த லாரியும் ஏற்றிக்கொள்ளும்.

“இரு, பதறாத” என்றான் குமரேசன். தனக்குத்தான் சொல்லிக்கொள்வது போலிருந்தது. போனைத் திறந்து கிழவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.  “பாரு, இப்பச் சரியா காட்டுது. இந்தக் கேட்டு, இந்த ஷெட்டு, இந்த மரம். ஒரு அடி தப்பில்ல. நீ ஒரு பக்கம் போ, நான் ஒரு பக்கம் போறேன். இந்தப் போன நீ வெச்சிக்கோ. அவன் போன நான் எடுத்துக்கறேன். நீ எங்க போறன்னு நான் அதுல பாத்துக்கினே இருப்பேன். தொலைஞ்சி கிலைஞ்சி போயிடாத.”

பெரியதம்பி திரையைப் பார்த்தார். வானத்திலிருந்து எடுத்த படம். பச்சையாகச் சவுக்கு, வெள்ளையாக ரோடு, ஷெட்டின் தகரம் பளிச்சென்று. அதன் ஓரத்தில் அழகாக, அசையாமல் வண்டி.

“வண்டிய நான்தான் தொட்டுக்கினு நிக்கறனே. அத எதுக்குடா எனக்குக் காட்டற? என் புள்ளயக் காட்டச் சொல்லு.”

“அது… அவன் கையில ஒண்ணும் இல்லியேப்பா.”

“இருந்துச்சி” என்றார் பெரியதம்பி. “இத்தினி நாளா இருந்துச்சி.”

போனை மகன் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார். அறுந்த கயிற்றை வேட்டி மடியில் முடிந்துகொண்டார். செப்புத் தகட்டையும் விடவில்லை. அதை எடுத்து வெயிலுக்குத் தலையில் பிடித்துக்கொண்டார்.

“இத்தினூண்டு செம்புக்குக் குருடாப் போற கண்ண நம்பி…” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் கேட்டைத் தாண்டினார்.

“அப்பா, அவன் எந்தப் பக்கம் போனான்னு தெரியாம எங்க போற?”

கிழவர் திரும்பவில்லை. ரோட்டுக்கு வந்து, மண்ணில் செருப்புத் தடம் ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு பாண்டிச்சேரி பக்கமாக நடந்தார்.